வெள்ளை அறிக்கைக்கு யார் பொறுப்பு? டோக்கன் விற்று நிதி திரட்டிய வரலாறு

'வெள்ளை அறிக்கை' என்னும் சொல் தமிழ் வாசகர்க்குப் புதியதன்று. அரசின் நிதிநிலை குறித்து வெள்ளை அறிக்கை வேண்டும் என்று கேட்பதும், ஆட்சிக்கு வந்தவர்கள் அதனை வெளியிடுவதும் நம் அரசியலில் பழகிப்போன காட்சிகள். அரபு நாடுகளின் அண்மை வரலாற்றைக் கற்றோர்க்கு 'அல்கிதாபுல் அப்யழ்' என்றவுடன், பாலஸ்தீனம் குறித்து பிரிட்டிஷ் அரசு 1922-லும் 1939-லும் வெளியிட்ட ஆவணங்கள் நினைவுக்கு வரும். அவற்றில் சொல்லப்பட்டவை எந்த அளவுக்கு நிறைவேறின என்பது வேறு கதை. ஆயினும் அவற்றின் பின்னே ஓர் அரசு நின்றது. சொன்ன சொல்லுக்கு இன்னார் பொறுப்பு என்று விரல் நீட்டிச் சுட்ட முடிந்தது.

2013-ஆம் ஆண்டுக்குப் பின் இதே பெயரைத் தாங்கி வேறு வகை ஆவணம் ஒன்று இணையவெளியில் பெருகியது. புதிய கணினி வலைப்பின்னல் ஒன்றை உருவாக்கப் போகிறோம், அதன் டோக்கனை இன்றே வாங்குங்கள் என்று அழைக்கும் ஆவணம் அது. சிலவற்றில் எழுதியவர் பெயர் இருந்தது. சிலவற்றில் இருந்த பெயர் பொய். சிலவற்றில் பெயரே இல்லை. ஏட்டுப் பிரதி ஒன்று கைக்கு வந்தால் முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, படியெடுத்தவர் யார், எந்த ஆண்டு என்று தேடுவது நம் போன்றோரின் பழக்கம். அந்தப் பழக்கத்தோடு இவ்வறிக்கைகளை அணுகுவோர் முதற்கேள்வியிலேயே தடுமாறுவர். இத்தகைய ஆவணத்தை நம்பிப் பணம் கொடுத்தவர்க்கு யார் பதில் சொல்வது என்னும் கேள்வி எவ்வாறு எழுந்தது, அதற்கு நீதிமன்றங்களும் அரசுகளும் என்ன விடை கண்டன என்பதையே இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்புகிறோம்.

டோக்கன் என்றால் நம்மவர்க்கு நியாயவிலைக் கடையிலும் மருத்துவமனையிலும் தரும் வரிசைச் சீட்டு. அச்சீட்டுக்குத் தனக்கென மதிப்பில்லை. பின்னர் கிடைக்கவிருக்கும் ஒன்றுக்கு அது அடையாளம். கிரிப்டோ உலகின் டோக்கனும் பெரும்பாலும் இத்தகையதே. வலைப்பின்னல் இயங்கத் தொடங்கியதும் அதனுள் நாணயமாகவோ நுழைவுச் சீட்டாகவோ பயன்படும் என்று சொல்லி, அது இயங்குமுன்பே விற்கப்படுவது. வாங்குவோர் பிட்காயினாகவோ ஈதராகவோ விலை கொடுப்பர். வங்கியும் இல்லை, தரகரும் இல்லை. இவ்விற்பனைக்குத் 'தொடக்க நாணய வெளியீடு' என்று பெயரிட்டனர். நிறுவனங்கள் பங்குகளை முதன்முறையாகப் பொதுமக்களுக்கு விற்பதைக் குறிக்கும் பெயரைச் சற்றே திருத்தி எடுத்துக்கொண்ட பெயர் இது. பெயரை எடுத்துக்கொண்டவர்கள் அதனோடு ஒட்டி வந்த கடமையை விட்டுவிட்டனர். அக்கடமை யாதென அறிய நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

டிராம் வண்டியும் ஆரஞ்சுத் தோப்பும்

இங்கிலாந்தின் பிளிமத் நகரில் டிராம் பாதை அமைக்கவிருந்த நிறுவனம் ஒன்று 1883-இல் பங்கு விற்பனைக்கான தகவலறிக்கையை வெளியிட்டது. குதிரைக்கு மாற்றாக நீராவியால் வண்டி ஓட்டும் உரிமை தமக்குச் சட்டப்படி உண்டென்று அதில் எழுதியிருந்தனர். உண்மையில், அவ்வுரிமைக்கு வணிக வாரியத்தின் இசைவு தேவைப்பட்டது. வாரியம் பெரும்பகுதிக்கு இசைவு தர மறுத்தது; நிறுவனம் கலைந்தது. அறிக்கையை நம்பிப் பங்கு வாங்கிய சர் ஹென்றி பீக், தலைவர் டெரி உள்ளிட்ட இயக்குநர்கள்மீது வழக்குத் தொடுத்தார். பிரபுக்கள் சபை 1889-இல் இயக்குநர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. தாம் எழுதியது உண்மையென்று அவர்கள் மனமார நம்பினர், ஆகவே அது வஞ்சகம் ஆகாது என்பது தீர்ப்பின் சாரம்.

சட்ட நூலோர் இவ்வழக்கை வஞ்சகத்தின் இலக்கணத்துக்காகப் படிக்கின்றனர். நமக்கு அதன் பின்விளைவே முக்கியம். மறு ஆண்டே, 1890-இல், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயக்குநர் பொறுப்புச் சட்டத்தை இயற்றியது. தகவலறிக்கையில் பிழையான கூற்று இருந்தால் இயக்குநர் ஈடு செய்ய வேண்டும்; அதை நம்புவதற்குத் தக்க காரணம் இருந்தது என்று மெய்ப்பிக்கும் சுமையும் அவருடையதே. 'நல்லெண்ணத்தோடு எழுதினேன்' என்பது மட்டும் இனிப் போதாது என்றாயிற்று. 1929-இன் பங்குச் சந்தைச் சரிவுக்குப் பின் அமெரிக்காவில் அதிபர் ரூஸ்வெல்ட் 1933 மே 27 அன்று கையொப்பமிட்ட பங்குப் பத்திரச் சட்டமும் இதே வழியில் வந்தது. பொதுமக்களிடம் பத்திரம் விற்பவர் அதனைப் பதிவு செய்து, தம் கணக்கையும் ஆபத்துகளையும் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். எழுதியதில் பொய் இருந்தால் கையொப்பமிட்டவர் அதற்கு ஆளாவார்.

ஆனால் பத்திரம் என்பது எது? பங்கு, கடன் பத்திரம் ஆகியவற்றோடு 'முதலீட்டு ஒப்பந்தம்' என்னும் சொல்லையும் அச்சட்டம் சேர்த்திருந்தது. அதன் பொருளைச் சொல்லவில்லை. பொருள் சொல்லும் வாய்ப்பு ஃபுளோரிடா மாநிலத்தின் ஆரஞ்சுத் தோப்பு ஒன்றில் வந்தது.

ஹோவி என்னும் நிறுவனம் ஆண்டுதோறும் சுமார் 500 ஏக்கரில் எலுமிச்சை, ஆரஞ்சு வகை மரங்களை நட்டது. அதில் பாதியைத் தான் வைத்துக்கொண்டு மறுபாதியைச் சிறு சிறு துண்டாக விற்றது. ஓர் ஏக்கர் என்பது 48 மரங்கள் கொண்ட ஒரு வரிசை. வாங்கியோரில் பெரும்பாலோர் வெளிமாநிலத்தவர். நிறுவனத்துக்குச் சொந்தமான விடுதியில் தங்க வந்த வணிகர்களும் பிற தொழிலினரும் ஆவர். வேளாண்மை அறியாதவர்கள். ஆகவே தோப்பைப் பராமரித்துக் காய் பறித்து விற்றுத் தரும் ஒப்பந்தத்தையும் அவர்களிடம் சேர்த்தே விற்றனர். அவ்வொப்பந்தத்தின்படி, நிறுவனத்தின் இசைவின்றி உரிமையாளர் தம் காயைப் பறித்து விற்கவும் முடியாது. ஆண்டு முடிவில் கிடைக்கும் இலாபத்தில் பங்கு வரும்.

இங்கு எதுவும் மறைக்கப்படவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். நிலம் இருந்தது, மரம் இருந்தது, முழுத் தொகை செலுத்தியவர்க்கு முறையான கிரயப் பத்திரமும் கிடைத்தது. கீழ் நீதிமன்றங்கள் இது வெறும் நில விற்பனை என்றே கருதின. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1946 மே 27 அன்று அதனை மாற்றியது. (சட்டம் கையொப்பமான அதே நாள்; 13 ஆண்டு கழித்து.) பணத்தை முதலிடுவது, அது ஒரு பொது முயற்சியில் சேர்வது, அம்முயற்சியை நடத்துவோரின் உழைப்பால் இலாபம் வரும் என்று எதிர்பார்ப்பது ஆகியவை ஒன்றுகூடினால் அது முதலீட்டு ஒப்பந்தம், கையில் தருவது பத்திரமா, நிலமா, வேறொன்றா என்பது பொருட்டில்லை என்று நீதிபதி மர்ஃபி எழுதினார். 48 மரத்துக்குச் சொந்தக்காரர் உண்மையில் வாங்கியது மரத்தை அன்று. ஹோவி நிறுவனத்தின் வாக்குறுதியை.

கேட்காதவரும் கேட்டவரும்

கிரிப்டோ நாணயத்தின் முதல் வெள்ளை அறிக்கை 2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் வெளிவந்தது. ஒன்பது பக்கம். எழுதியவர் யார் என்பது தெரியாமற்போனாலும் அதனால் எவர்க்கும் அன்று இழப்பில்லை. ஏனெனில் அவர் யாரிடமும் பணம் கேட்கவில்லை. பிட்காயின் எவ்வாறு இயங்கும் என்று விளக்கியதோடு அவ்வறிக்கை முடிந்தது. பின்வந்தோர் அதன் வடிவத்தையும் பெயரையும் மேற்கொண்டனர். கேட்காமல் இருந்த பண்பை விட்டுவிட்டனர்.

கேட்கும் வழியைக் காட்டியவர் ஜே. ஆர். வில்லட் என்னும் அமெரிக்க நிரலாளர். 2012 ஜனவரியில் எழுதிய அறிக்கைக்கு இரண்டாம் பிட்காயின் வெள்ளை அறிக்கை என்றே பெயரிட்டார். 2013-இல் 'மாஸ்டர்காயின்' விற்று அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 5 லட்சம் டாலர் பெறுமான பிட்காயினைத் திரட்டினார். மறு ஆண்டு விட்டாலிக் புட்டெரினும் தோழர்களும் ஈதரை விற்றனர். 2014 ஜூலை 22 முதல் 42 நாள் நடந்த அவ்விற்பனையில் ஏறத்தாழ 1 கோடியே 83 லட்சம் டாலர் சேர்ந்தது. சுவிட்சர்லாந்தின் ட்சூக் நகரில் ஓர் அறக்கட்டளை நிறுவினர். 2015 ஜூலை 30 அன்று எத்தீரியம் வலைப்பின்னலும் இயங்கத் தொடங்கியது. சொன்னதைச் செய்தவர்கள் இவர்கள். இதனையும் நாம் பதிவு செய்ய வேண்டும். ஆனால் இவர்கள் கட்டிய மேடையே பின்வந்த வெள்ளத்துக்கு மடை திறந்தது. எத்தீரியத்தின்மீது எவரும் சில வரி நிரல் எழுதிப் புதிய டோக்கனை வெளியிடலாம் என்றாயிற்று. அதற்குப் பொது இலக்கணமும் 2015 இறுதியில் முன்மொழியப்பட்டது.

அம்மேடையின்மீது எழுந்த முதற்பெரும் கட்டடமே 'தி டாவோ'. இதனை நாம் விரிவாகக் காண்பது தகும். ஏனெனில் வெளிப்படைத்தன்மை என்னும் சொல்லை ஒரு தலைமுறையே எவ்வாறு பொருள் கொண்டது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

ஸ்லாக்.இட் என்னும் ஜெர்மானிய நிறுவனத்தார் எழுதிய நிரல் அது. இயக்குநர் இல்லாத முதலீட்டு நிதி என்று அறிவித்தனர். டோக்கன் வாங்கியோர் வாக்களித்து எந்தத் திட்டத்துக்குப் பணம் தருவதென முடிவு செய்வர். மற்றவற்றை நிரலே நடத்தும். நிரல் முழுவதும் எவரும் படிக்கத்தக்கதாகத் திறந்து வைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு டோக்கனும் எந்த முகவரிக்குச் சென்றது என்பது பொதுப் பேரேட்டில் தெரிந்தது. பாதுகாப்பு வல்லுநர்கள் ஐந்து நாள் முழுமையாக ஆராய்ந்தனர் என்றும் விளம்பினர். விற்பனை விதிமுறையில் ஒரு வாசகம் இருந்தது: விளக்க உரைகளுக்கும் நிரலுக்கும் முரண் ஏற்படின் நிரலே மேலோங்கும் என்பது அதன் கருத்து. 2016 ஏப்ரல் 30 முதல் மே 28 வரை சுமார் 115 கோடி டோக்கன்கள் விற்றன. 1 கோடியே 20 லட்சம் ஈதர், அதாவது 15 கோடி டாலர் சேர்ந்தது.

ஜூன் 17 அன்று அந்நிரலின் ஒரு குறையைப் பயன்படுத்தி எவரோ 36 லட்சம் ஈதரை, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை, தம் பக்கம் திருப்பிக்கொண்டார். பணம் போவதை உலகமே பேரேட்டில் பார்த்துக்கொண்டிருந்தது! எடுத்தவர் யாரென்று தெரியவில்லை. நிரலே மேலோங்கும் என்னும் விதியை எழுத்துப்படி கொண்டால், நிரல் அனுமதித்ததைச் செய்தவரைத் திருடர் என்று சொல்லவும் வழியில்லை. நல்வாய்ப்பாக, நிரலின் விதிப்படி 27 நாள் கடக்காமல் அப்பணத்தை வெளியே எடுக்க முடியாது. அந்த இடைவெளியில், எத்தீரியத்தைப் பேணுவோர் ஜூலை 20 அன்று வலைப்பின்னலின் வரலாற்றையே திருத்தி எழுதிப் பணத்தை உரியவர்க்கு மீட்டனர். இத்திருத்தத்தை ஏற்காதோர் பழைய பேரேட்டையே தொடர்ந்தனர். எத்தீரியம் கிளாசிக் என்னும் தனி நாணயம் அவ்வாறு பிறந்ததே.

எல்லாம் திறந்திருந்தது, இழப்பும் திறந்த வெளியில் நிகழ்ந்தது. திறந்த ஏட்டைப் படிக்க வல்லவர் எத்தனை பேர்? படித்துக் குறை கண்டவர் முதலில் யாருக்குச் சொல்வார்? இழந்தவர் யாரிடம் முறையிடுவார்? பேரேட்டின் வெளிப்படைத்தன்மை இம்மூன்றுக்கும் விடை தரவில்லை. மீட்டதும் சட்டம் தந்த உரிமையால் அன்று. சிலர் கூடி எடுத்த முடிவால்.

அமெரிக்கப் பங்குப் பத்திர ஆணையம் ஓராண்டு கழித்து, 2017 ஜூலை 25 அன்று, தன் விசாரணை அறிக்கையை வெளியிட்டது. எவர்மீதும் வழக்குத் தொடுக்கவில்லை, எச்சரிக்கையோடு நிறுத்திக்கொண்டது. ஆனால் அதில் எடுத்தாண்ட அளவுகோல் 1946-இன் ஆரஞ்சுத் தோப்பு. ஈதர் கொடுத்ததும் பண முதலீடே. எந்தத் திட்டம் வாக்கெடுப்புக்கு வரலாம் என்பதைத் தெரிவு செய்தோர், ஸ்லாக்.இட் நிறுவனத்தார் அமர்த்திய காப்பாளர்கள். டோக்கன் உடையோர் ஒருவரையொருவர் அறியாது உலகெங்கும் சிதறிக் கிடந்தமையால் அவர்தம் வாக்குக்கு ஆளும் வலிமை இல்லை. ஆகவே இயக்குநர் இல்லை என்று சொன்ன இடத்திலும் பிறர் உழைப்பை நம்பியே அவர்கள் பணம் கொடுத்தனர். டாவோ டோக்கன் ஒரு பத்திரமே என்று ஆணையம் முடிவு கண்டது.

வெள்ளம்

எச்சரிக்கை வந்த ஆண்டிலேயே வெள்ளமும் வந்தது. 2017 ஜூனில் பான்கோர் சில மணி நேரத்தில் 15 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. ஜூலையில் டெசோஸ் 23 கோடி. அதன்பின் ஃபைல்காயின் 25 கோடிக்கும் மேல். சீனம் பொறுத்திருக்கவில்லை. செப்டம்பர் 4 அன்று மைய வங்கி உள்ளிட்ட ஏழு துறைகள் கூட்டாக இவ்வெளியீடுகளைத் தடை செய்து, வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவும் ஆணையிட்டன. அம்மாத இறுதியில் தென்கொரியாவும் தடையை அறிவித்தது. சுவிட்சர்லாந்து மட்டும் தடுக்காமல் வகைப்படுத்தியது: செலுத்துவதற்கான டோக்கன், பயன்பாட்டு டோக்கன், சொத்து டோக்கன் என மூன்றாகப் பிரித்து 2018 பிப்ரவரியில் அதன் நிதிச் சந்தை ஆணையம் வழிகாட்டி வெளியிட்டது.

அக்காலத்து அறிக்கைகளின் தரத்தை அறிய ஒரே சான்று போதும். சென்ட்ரா டெக் என்னும் நிறுவனத்தின் தலைமை அதிகாரி என்று காட்டப்பட்டவர் உலகில் இல்லவே இல்லாத மனிதர். படம் வேறு யாருடையதோ. விசாவும் மாஸ்டர்கார்டும் தம்மோடு கைகோத்திருப்பதாகச் சொன்னதும் பொய். அதனை விளம்பரம் செய்த குத்துச்சண்டை வீரர் மேவெதர், தாம் 1 லட்சம் டாலர் பெற்றுக்கொண்டு பேசியதை மறைத்தமைக்காக 2018-இல் தண்டம் கட்டினார். நிறுவியவர்களுள் சிலர் சிறை சென்றனர்.

இத்தகைய அப்பட்டமான மோசடிகளை வரலாற்றாசிரியர் விரைந்து கடக்கலாம். பொய் சொன்னவரைத் தண்டிக்க எந்தக் காலத்துச் சட்டமும் போதும். பொய் சொல்லாதவர்களைப் பற்றியதே கடினமான கேள்வி. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அறிஞர் நால்வர், 2017-இல் மிகுந்த பணம் திரட்டிய 50 வெளியீடுகளை எடுத்து, வெள்ளை அறிக்கையில் சொன்னதையும் நிரலில் எழுதியதையும் வரிக்கு வரி ஒப்பிட்டனர். உரையை மூலத்தோடு ஒத்துப் பார்க்கும் பழைய ஆசிரியர் வேலைதான் அது. 2019-இல் கொலம்பியா சட்ட ஆய்விதழில் வந்த அவர்தம் முடிவு நம் கருத்துக்குரியது. நிறுவியோர் தம் டோக்கன்களை உடனே விற்றுவிடமாட்டார் என்பது போன்ற காப்புறுதிகளைப் பல வெளியீடுகள் சொல்லில்கூடத் தரவில்லை. சொன்னவற்றிலும் பல, நிரலில் எழுதப்படவில்லை. எவரையும் நம்பத் தேவையில்லை, நிரலை நம்பினால் போதும் என்று முழங்கியவர்களுள் குறிப்பிடத்தக்கோர், விற்பனைக்குப் பின் விதிகளை மாற்றும் அதிகாரத்தை நிரலுக்குள்ளேயே தம் கையில் வைத்திருந்தனர். அதனை அறிக்கையில் சொல்லவுமில்லை. திறந்த நிரல்தான், படித்தவர் இலர்.

பெருந்தொகைக்கு ஒரு சான்று இயோஸ். பிளாக்.ஒன் என்னும் நிறுவனம் 2017 ஜூன் முதல் 2018 ஜூன் வரை ஓராண்டாக விற்று 410 கோடி டாலர் அளவில் திரட்டியது. அதன் விற்பனை ஒப்பந்தம் படித்து வியக்கத்தக்கது: இந்த டோக்கனுக்கு எவ்வித உரிமையும் பயனும் நோக்கமும் இயல்பும் இல்லை என்னும் கருத்து அதில் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருந்தது. வாங்குபவரிடம் விற்பவர் இதைவிட எவ்வாறு உண்மை பேச முடியும்? ஆயினும் யாவரும் வாங்கினர். ஏனெனில் அவர்கள் நம்பியது ஒப்பந்தத்தை அன்று, அதன் சுற்றிலும் எழுந்த ஆரவாரத்தை. பதிவு செய்யாமல் விற்றமைக்காக 2019 செப்டம்பரில் அந்நிறுவனம் 2 கோடியே 40 லட்சம் டாலர் தண்டம் செலுத்தியது. திரட்டியதில் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

எதிர்ப்புறத்தில் மஞ்சி. உணவகச் சாப்பாட்டுக்கு மதிப்புரை எழுதும் கைப்பேசிச் செயலி ஒன்றை நடத்திய சிறு கலிஃபோர்னிய நிறுவனம். 1 கோடியே 50 லட்சம் டாலர் திரட்ட 2017-இல் டோக்கன் விற்கத் தொடங்கி, மறுநாளே ஆணையத்தின் அழைப்பு வந்ததும் நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தந்தது. தண்டம் இல்லை. எங்களுடையது பயன்பாட்டு டோக்கன், உணவகத்தில் செலவிடலாம் என்பது அவர்தம் வாதம். பயன் இருப்பதாலேயே பத்திரம் அன்று என்றாகிவிடாது, விலை ஏறும் என்று சொல்லி விற்றீர்களே என்று ஆணையம் கேட்டது. மரத்தில் ஆரஞ்சும் காய்த்ததுதானே!

இந்த ஆணையமே 2018 மே மாதம் பொய்யான டோக்கன் விற்பனைத் தளம் ஒன்றை உருவாக்கியது என்றால் வாசகர் நம்பத் தயங்கலாம். அதன் பெயர் 'ஹோவிகாயின்'. வெள்ளை அறிக்கை, பிரபலங்களின் பாராட்டு, தள்ளுபடிக் கடிகாரம் எல்லாம் அதில் இருந்தன. வாங்க அழுத்தியவர், ஏமாறாதிருப்பது எப்படி என்னும் பாடப் பக்கத்துக்குச் சென்று சேர்ந்தார்.

டெலிகிராம்

சட்டத்தை மதிக்காதவர் கதைகளைவிட, மதித்ததாக நினைத்தவர் கதை நமக்கு மிகுதியும் கற்பிக்கிறது. பாவெல் துரோவ் நடத்தும் டெலிகிராம் செயலியை அக்காலத்தில் மாதந்தோறும் 30 கோடிப் பேர் பயன்படுத்தினர். தனக்கென 'கிராம்' என்னும் நாணயத்தை உருவாக்க விரும்பிய அந்நிறுவனம், பொதுமக்களிடம் விற்கவில்லை. ஆபத்தைத் தாங்கவல்ல செல்வர்க்கும் நிறுவனங்களுக்கும் மட்டும் விற்றால் பதிவு தேவையில்லை என்னும் சட்ட விலக்கைப் பயன்படுத்தி, அதற்குரிய படிவத்தை ஆணையத்திடம் முறையாகத் தாக்கலும் செய்தது. 2018-இன் முதல் மாதங்களில் 171 பேரிடமிருந்து 170 கோடி டாலர் வந்தது. அவருள் 39 பேர் அமெரிக்கர், அவர் தந்தது 42 கோடியே 45 லட்சம். வலைப்பின்னல் உருவானதும் அவர்களுக்கு 290 கோடி கிராம் வழங்கப்படும் என்பது உடன்பாடு. முதற்சுற்றில் ஒரு கிராமின் விலை 38 சென்ட் அளவு. இரண்டாம் சுற்றில் 1.33 டாலர்.

2019 அக்டோபர் இறுதிக்குள் கிராம் வழங்க வேண்டியிருந்தது. அக்டோபர் 11 அன்று ஆணையம் நீதிமன்றம் சென்றது. டெலிகிராமின் வாதம் எளியது: செல்வர்க்கு விற்றது பத்திரம், அதற்கு விலக்குப் பெற்றுள்ளோம், நாளை வழங்கப்போகும் கிராம் வெறும் நாணயம். ஆணையம் இவ்விரண்டையும் பிரிக்க மறுத்தது. 171 பேரும் கிராமை வைத்துச் செலவு செய்ய வாங்கவில்லை. கைக்கு வந்ததும் பொதுமக்களுக்கு விற்கவே வாங்கினர். ஆகவே எவ்விதத் தகவலறிக்கையும் இன்றிப் பொதுமக்களுக்குப் பத்திரம் விற்கும் ஏற்பாடே இது என்றது. 2020 மார்ச் 24 அன்று நீதிபதி கெவின் காஸ்டெல் இதனை ஏற்றுத் தடை விதித்தார். படிவம் எதுவென்று பார்க்காமல் முழு ஏற்பாட்டின் உண்மைப் பொருளையே அவர் கணக்கில் கொண்டார். ஹோவி வழக்கில் கிரயப் பத்திரத்தைத் தாண்டிப் பார்த்ததும் இவ்வாறே.

மே 12 அன்று துரோவ் திட்டத்தைக் கைவிட்டார். அப்போது எழுதிய குறிப்பில் அவர் பொற்சுரங்கம் ஒன்றை உவமை காட்டினார்: பலர் பணம் சேர்த்துச் சுரங்கம் வெட்டுகின்றனர், பின்னர் தங்கத்தைப் பகிர்ந்துகொள்கின்றனர், விற்று இலாபம் காணவே வந்தீர்கள் என்று சொல்லி நீதிபதி சுரங்கத்தையே மூடிவிட்டார் என்பது முறையீடு. அமெரிக்கர் அல்லாதார்க்கும் கிராம் வழங்கக் கூடாது என்று ஒரு நாட்டின் நீதிமன்றம் எவ்வாறு ஆணையிடலாம் என்றும் அவர் கேட்டார். இரண்டாவது கேள்வியில் நியாயம் உண்டென்றே நாம் கருதுகிறோம். முதலாவது உவமை அத்துணைப் பொருத்தமுடையதன்று. தங்கம், சுரங்கக்காரர் மறைந்த பின்னும் தங்கமே. டெலிகிராம் கைவிட்டபின் கிராம் என்னவாயிற்று? ஜூன் மாத உடன்பாட்டில், வாங்கியோர்க்கு 120 கோடி டாலருக்கு மேல் திருப்பித் தரவும் 1 கோடியே 85 லட்சம் தண்டம் கட்டவும் நிறுவனம் இசைந்தது. எஞ்சியது முன்னமே செலவாகியிருந்தது.

ஆணையத்துக்குள்ளேயே மாற்றுக் குரலும் இருந்தது. ஆணையர் ஹெஸ்டர் பியர்ஸ், 2020 பிப்ரவரியில், டோக்கன் வெளியிடுவோர்க்கு மூன்றாண்டு அவகாசம் தரலாம் என முன்மொழிந்தார். நிரலையும், டோக்கன் எவ்வளவு எவ்வாறு வழங்கப்படும் என்பதையும், குழுவினர் பெயர்களையும் வெளியிட வேண்டும். அக்கால இறுதியில் வலைப்பின்னல் எவர் கையையும் சாராமல் நிற்குமாயின் பத்திரச் சட்டம் தேவையில்லை என்பது அவர் கருத்து. முன்மொழிவு அன்று விதியாகவில்லை. சட்டத்தை முன்கூட்டிச் சொல்லாமல் ஒவ்வொருவராக வழக்கில் இழுத்து விதி கற்பிப்பது நேர்மையா என்னும் அவருடைய குறை மட்டும் அழியாமல் நின்றது. அவர் தலைமையில் ஆணையம் தனிப் பணிக்குழு அமைத்தது 2025 ஜனவரியில்.

அக்குறைக்கு வலிவு சேர்த்தது ரிப்பிள் வழக்கு. 2023 ஜூலை 13 அன்று நீதிபதி அனலிசா டோரஸ், ரிப்பிள் நிறுவனம் பெருநிறுவனங்களுக்கு ஒப்பந்தமிட்டு நேரடியாக விற்றது முதலீட்டு ஒப்பந்தம் என்றும், விற்பவர் யாரென்று அறியாமல் சந்தையில் வாங்கியோர்க்குச் சென்றது அவ்வாறன்று என்றும் தீர்ப்பளித்தார். தன்னைக் காத்துக்கொள்ள வல்ல பெருநிறுவனத்துக்குச் சட்டத்தின் காவல் உண்டு, சாமானியர்க்கு இல்லை என்னும் விந்தையான நிலை அதனால் விளைந்தது. அம்மாத இறுதியிலேயே, அதே நீதிமன்றத்தின் மற்றொரு நீதிபதி ராக்கோஃப், டெர்ராஃபார்ம் வழக்கில் இப்பாகுபாட்டை ஏற்க மறுத்தார்.

கையொப்பம்

அமெரிக்கா பழைய சொல்லுக்குப் புதுப்பொருள் தேடிக்கொண்டிருக்க, ஐரோப்பிய ஒன்றியம் புதிய சட்டமே எழுதியது. 2023 மே 31 அன்று கையொப்பமாகி 2024 டிசம்பர் 30 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த கிரிப்டோ சொத்துச் சந்தைகள் ஒழுங்குமுறை அது. பத்திரமா அன்றா என்னும் வழக்கிற்குள் நுழையாமல், பத்திரம் அல்லாத டோக்கனைப் பொதுமக்களுக்கு விற்போர்க்கும் வெள்ளை அறிக்கையைக் கட்டாயமாக்கியது. தெருவிலிருந்த பெயர் சட்டத்தின் வாசகமாயிற்று.

அவ்வறிக்கையில் வெளியிடுவோர் யார், திட்டம் என்ன, டோக்கன் உடையோர்க்கு என்ன உரிமை, என்னென்ன ஆபத்து, வலைப்பின்னலால் சுற்றுச்சூழலுக்கு என்ன கேடு என்பவை இடம்பெற வேண்டும். மதிப்பு முழுதும் அழியக்கூடும் என்பதையும் எழுத வேண்டும். சிறு வாங்குநர் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திரும்பப் பெறலாம். டோக்கன் முன்னமே சந்தையில் வணிகமாகிக் கொண்டிருந்தால் இவ்வுரிமை இல்லை. 12 மாதத்தில் 10 லட்சம் யூரோவுக்கு மேற்படாத வெளியீடுகளுக்கு விலக்கு உண்டு.

அரசு இவ்வறிக்கையை ஆராய்ந்து ஒப்புதல் தருவதில்லை. அதிகார அமைப்புக்கு அறிவித்தால் போதும். எந்த அமைப்பும் இதனை ஒப்பவில்லை, வெளியிடுவோரே முழுப்பொறுப்பு என்னும் வாசகமும் அறிக்கையின் தொடக்கத்தில் இருத்தல் வேண்டும். இது குறையென்று சொல்வோர் உளர். அரசு முத்திரை குத்தினால் அம்முத்திரையையே விற்பனைச் சரக்காக்குவர் என்பதை அறிந்தே இவ்வாறு செய்தனர் என்று நாம் எண்ணுகிறோம். அறிக்கை முழுமையற்றதாகவோ திரிபுடையதாகவோ இருந்து அதனால் இழப்பு நேர்ந்தால், நிறுவனமும் அதனை நிர்வகிப்போரும் ஈடு செய்யக் கடமைப்பட்டவர். இப்பொறுப்பை ஒப்பந்தத்தால் விலக்கி வைத்தாலும் அவ்விலக்கு செல்லாது. எங்கள் டோக்கனுக்கு ஒரு பயனும் இல்லை என்று எழுதித் தப்பும் வழி இதனால் அடைபட்டது. எனினும் இழப்பு அறிக்கையால்தான் வந்தது என்று மெய்ப்பிக்கும் சுமை இழந்தவர் தலையிலேயே வைக்கப்பட்டுள்ளது. 1890-இன் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அச்சுமையை இயக்குநர்மீது ஏற்றியதோடு இதனை ஒப்பிட்டால், இச்சட்டம் சற்றுப் பின்தங்கியதாகவே நமக்குத் தோன்றுகிறது.

வெளியிட்டவர் யாரென்றே தெரியாத பழைய நாணயங்கள் என்னாகும்? அவற்றுக்கும் வழி வகுத்துள்ளனர். டோக்கனைத் தன் விருப்பத்தால் சந்தையில் ஏற்றும் வணிகத் தளமே அறிக்கைக்குரிய கடமையை ஏற்க வேண்டும். சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வருமுன்பே சந்தையில் ஏறிவிட்டவற்றுக்கும் வெள்ளை அறிக்கை எழுதி, அறிவித்து, வெளியிடச் செய்யத் தளங்களுக்குத் தரப்பட்டுள்ள கெடு 2027 டிசம்பர் 31.